ஓட்டிஸ் புயலைத் தொடர்ந்தபோது

எத்தனையோ ஹரிக்கேன்களை (அட்லாண்டிக், கிழக்குப் பசிபிக் பக்கம் வரும் கடும் சூறாவளிகளை) வரைபடத்தில் துரத்தியிருக்கிறேன். 2023 அக்டோபரில் மெக்சிகோவின் பசிபிக் கரைக்கு வந்த ஓட்டிஸ் மாதிரி எதுவும் என்னை ஆட்டிப் பார்த்ததில்லை.

23-ம் தேதி இரவு அது சாதாரண வெப்பமண்டலப் புயல். கணினி மாதிரிகளும் பெரிதாக எதையும் காட்டவில்லை. மறுநாள் மதியம் அமெரிக்க விமானப்படையின் ஆய்வு விமானம் உள்ளே போனது. ஆமாம், புயலுக்குள்ளேயேதான் பறப்பார்கள். வழக்கமாகச் சுமார் 3 கி.மீ. உயரத்தில் புயலின் நடுவே இருக்கும் ‘கண்’ பகுதியைக் கடக்கும்போது, பாராசூட் கட்டிய சின்னக் குழாய் ஒன்றைக் கீழே போடுவார்கள். கடலைத் தொடும்வரை அது காற்று, அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை நாமும் உடனுக்குடன் பார்க்கலாம்! எனக்குப் பித்துப் பிடித்ததே அதில்தான்.

அன்று வந்த எண்கள் வயிற்றைக் கலக்கின. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கணித்ததைவிடப் புயல் எவ்வளவோ வலுத்திருந்தது. ஒரே நாளில் காற்றின் வேகம் மணிக்கு 185 கி.மீ. கூடிவிட்டது. நள்ளிரவு தாண்டியதும் ஐந்தாம் வகை, அதாவது உச்ச வகை ஹரிக்கேனாக அகாபுல்கோ நகரம் அருகே கரை ஏறியது. மெக்சிகோவின் பசிபிக் கரையில் அந்த வகைப் புயல் கரை ஏறியதாகப் பதிவானது அதுவே முதல்முறை. 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

ஏன் இப்படி வலுத்தது? கடல் நீர் சுமார் 30 டிகிரி செல்சியஸ் சூடு, அப்புறம் புயலும் அளவில் சின்னது. சின்னப் புயல்கள் இப்படிச் சடாரென்று வலுப்பது எளிது. அட்லாண்டிக் அளவுக்குக் கிழக்குப் பசிபிக்கில் விமானங்கள் போவதில்லை. முந்தின நாளே ஒன்று போயிருந்தால் அந்த ஊருக்கு இன்னும் சில மணி நேரம் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.