அட்மின் லாகினை முதலில் கையில் வாங்குங்கள்: மூன்று மொழி வெப்சைட் அனுபவம்

அண்ணி பெங்களூர் அல்சூரில் பல் கிளினிக் வைத்திருக்கிறார். அங்கே வருகிறவர்கள் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று கலந்த கூட்டம். அதனால் வெப்சைட் மூன்று மொழியிலும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, அதற்கான பணத்தையும் கட்டியிருந்தார். செய்து கொடுத்தவர் வெப்சைட் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஆங்கிலத்தில் மட்டும் ஒரு தளத்தைப் போட்டு, மேலே தானாக மொழிபெயர்க்கும் பொத்தான் ஒன்றை ஒட்டி, "மூணு லாங்குவேஜும் ரெடி மேடம்" என்று பில் அனுப்பிவிட்டார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பொத்தானை அழுத்தினால் பார்ப்பவரின் திரையில் அந்த நேரத்துக்கு எழுத்து மாறும், அவ்வளவுதான். தமிழுக்கென்று தனி முகவரி கிடையாது. ஒருவர் கூகுளில் தமிழில் தேடினால் எடுத்துக் காட்ட அங்கே தமிழ்ப் பக்கமே இல்லை. அது கூடப் பரவாயில்லை. பல் பிடுங்கிய பிறகு எதைச் சாப்பிடலாம், எந்த மாத்திரையை எத்தனை நாள் போட வேண்டும் என்பதையெல்லாம் யாருமே சரிபார்க்காத மொழிபெயர்ப்பில் நோயாளியிடம் கொடுக்கலாமா?

சரி, நாமே செய்துவிடலாம், வேர்ட்பிரஸில் பல மொழிப் பக்கங்களைச் சேர்க்க உதவும் பாலிலாங் என்ற பிளகினை, அதாவது கூடுதல் மென்பொருளை, போட்டால் போதும் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் அடுத்த தடங்கல். அண்ணிக்குக் கொடுத்திருந்தது எடிட்டர் லாகின். அதை வைத்துப் பக்கங்களைத் திருத்தலாம், பிளகின் போட முடியாது. தளம் முழுவதையும் நிர்வகிக்கும் அட்மின் லாகினைக் கேட்டால் "செர்வர் டீம் பார்த்துச் சொல்வாங்க" என்றார் தளம் செய்தவர். கோரமங்களாவில் இருந்த அவர் ஆபீசுக்கு நேரில் போனேன். ஆள் இல்லை, போனும் எடுக்கவில்லை. டொமைனும், அதாவது தளத்தின் இணையப் பெயரும், அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. மீதிப் பணம் கொடுக்க வேண்டியிருந்ததால் தப்பித்தோம். "லாகினும் டொமைன் மாற்றமும் வந்த பிறகுதான் பணம்" என்று அண்ணி எழுத்தில் அனுப்பியதும், அன்று மாலையே இரண்டும் வந்தன.

பிளகின் போடுவது, மொழிகளைச் சேர்ப்பது எல்லாம் சுலபம். பட்டியலில் தமிழ் இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று என இருக்கும், பார்த்து எடுங்கள். மொழி மாற்றும் இடத்தில் கொடிப்படத்தைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். தமிழுக்கும் கன்னடத்துக்கும் ஒரே இந்தியக் கொடி வந்தால் யார் எதை அழுத்துவது? அந்தந்த மொழியின் பெயரை அந்தந்த எழுத்தில் போட்டால் போதும். பிரவுசரின் மொழியைப் பார்த்துத் தானாகத் திருப்பிவிடும் வசதியையும் அணைத்துவிட்டேன். இங்கே தமிழ் மட்டுமே படிக்கிற பெரியவர்களின் போனும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

நேரத்தைத் தின்றது பழைய நோட்டீஸ்கள். கிளினிக்குக்கு அச்சடித்த தமிழ் நோட்டீஸ் பாமினி எழுத்துருவில், கன்னட நோட்டீஸ் பழைய நுடி எழுத்துருவில் இருந்தன. இரண்டுமே யூனிகோட் இல்லை, அதாவது எல்லாக் கருவியும் ஒரேபோல் படிக்கும் பொது எழுத்துக் குறியீட்டில் இல்லை. வேர்ட்பிரஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் ஏதேதோ குறிகளுமாக வந்து விழும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன, ஆனால் மாற்றியதை அப்படியே நம்பாதீர்கள். 'மௌத்வாஷ்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் தனித்தனியாக வந்திருந்தன. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தளத்தின் தேடல் பெட்டியில் 'மௌத்வாஷ்' என்று அடித்தபோது ஒன்றும் வராததால்தான் பிடிபட்டது.

கன்னடத்தில் இன்னும் மோசம். ரகர ஒற்றை அடுத்த எழுத்துக்குப் பின்னால் ஒரு குறியாகப் போடுவது அவர்கள் வழக்கம். யூனிகோடில் அது அந்த எழுத்துக்கு முன்னால் பதிவாக வேண்டும். கருவி அதை இடம் மாற்றாததால் 'கர்நாடக' என்ற பெயரே 'கநார்டக' என்று நின்றது. மேல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கன்னட டீச்சர் ஒவ்வொரு வரியாகப் படித்துத் திருத்திக் கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் கன்னடப் பக்கத்தை வெளியிட்டிருக்கவே மாட்டேன். தலைப்பு வரிகளில் எழுத்துக்குக் கீழே சேர்ந்து வரும் ஒத்தெழுத்துகள் வெட்டுப்படுவதைக் காட்டியவரும் அவர்தான். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமில் வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு மட்டும் அளந்து வைத்திருக்கிறார்கள். உயரத்தைக் கூட்டி, நோட்டோ என்ற யூனிகோட் எழுத்துருக்களைப் போட்டதும் சரியானது.

இன்னொன்றைக் கவனிக்கத் தவறாதீர்கள்: பக்கத்தின் முகவரி. தமிழ்த் தலைப்பை வேர்ட்பிரஸ் அப்படியே முகவரியாக்கும். உள்ளே சேமிக்கும்போது நம் குறி ஒவ்வொன்றும் 9 இடம் பிடிக்கிறது. முகவரிக்கு இருப்பதோ 200 இடம். ஆக 22 குறிகளுக்கு மேல் தாங்காது, மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் கொம்புக்கும் தனிக் கணக்கு. 'பல் பிடுங்கிய பிறகு செய்யக்கூடாதவை' என்ற பக்கத்தின் முகவரி 'பல்-பிடுங்கிய-பிறகு-செய்' என்று அறுந்து நின்றது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு முகவரியைக் கையால் கொடுத்துவிடுங்கள். இலவசப் பாலிலாங்கில் இரண்டு மொழிக்கு ஒரே முகவரிப் பெயர் வைக்க முடியாது, பின்னால் 2 என்று சேர்ந்துவிடும். அதனால் மொழியின் சுருக்கத்தையும் சேர்த்தே பெயர் வைத்தேன்.

மெனு மொழிக்கு ஒன்றாகத் தனியாகச் செய்ய வேண்டும். அப்பாயின்ட்மென்ட் படிவமும் அப்படித்தான். பக்கம் கன்னடத்தில் இருந்து, படிவம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் ஆள் அங்கேயே கிளம்பிவிடுவார். கன்னடப் படிவம் வேலை செய்ய ஆரம்பித்ததும் முதல் அப்பாயின்ட்மென்டைப் போட்டது டீச்சரேதான்.

இப்போது புது நோட்டீஸ் எதுவானாலும் முதலில் யூனிகோடில் தளத்தில் ஏறுகிறது. நோட்டீஸ் அச்சடிக்கும் பிரஸ்காரர் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார். முதலில் முனகினார், பிறகு ஒத்துக்கொண்டார்.