லாக்ஸ்டன்: வேலி போடாத வயல்கள்

முதலில் டாக்ஸிக்காரர் மேல் இருக்கும் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இங்கிலாந்தின் நியூவர்க்கில் ரயிலை விட்டு இறங்கி லாக்ஸ்டன் கிராமத்துக்குப் போக 45 பவுண்டு! கேட்டால், "திரும்பி காலியாத்தானே வரணும்" என்கிறார். லண்டனிலிருந்து வந்த ரயில் டிக்கெட்டே அதைவிட மலிவு. கிராமத்துப் பஸ்ஸை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள், நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வயலைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. இங்கிலாந்தில் எங்கே திரும்பினாலும் செடிவேலிதான். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சட்டம் போட்டே திறந்தவெளி வயல்களைப் பங்கு பிரித்து அடைத்துவிட்டார்கள். நாட்டிங்ஹாம்ஷயரின் இந்தச் சின்ன ஊர் மட்டும் எப்படியோ தப்பித்தது. மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெரிய வெளிகள். ஒவ்வொரு விவசாயிக்கும் அவற்றில் ஆங்காங்கே நீளநீளமான துண்டுகள். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு அல்லது தீவனப்புல். வருடாவருடம் மாறிக்கொண்டே வரும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. செங்களிமண் ஷூவில் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனத்தது.

எல்லைத் தகராறு வராதா? அதற்குத்தான் ஊர் நீதிமன்றம், 'கோர்ட் லீட்'. நவம்பர் கடைசி வாக்கில் ஜூரிகள் கோதுமை வயலில் இறங்கி எல்லைக்கு முளைக்குச்சி அடிப்பார்கள். பாதையையும் புல்தரையையும் சேர்த்து உழுதவருக்கு அடுத்த வாரமே அபராதம்! இன்றைக்கும் நடக்கிறது. 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த நில வரைபடம் ஆக்ஸ்ஃபர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் அதில் உண்டு. 1952-இல் வேளாண் அமைச்சகம் நிலத்தை வாங்கியிராவிட்டால் இந்தத் திறந்தவெளி வயல்களும் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

தேவாலயத்துக்கு வடக்கே நார்மன் கோட்டை இருந்த மண்மேடு. ஷெர்வுட் காட்டின் பரம்பரைக் காவலர்கள் இருந்த இடம். கல் ஒன்றுகூட மிச்சமில்லை, வெறும் புல்தான். ஆனாலும் ஏறிப் பாருங்கள், காசு கிடையாது.

மதியம் பப்பில் ஸ்டீக் பை. மேலோட்டைக் கரண்டியால் உடைத்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அடியில் கெட்டிக் குழம்பு, பக்கத்தில் வெண்ணெய் மினுங்கும் உருளைக்கிழங்கு மசியல். 15 பவுண்டு. பட்ஜெட் ஏற்கெனவே கிழிந்துதான் கிடந்தது. ஆப்பிள் கிரம்பிளும் சொல்லிவிட்டேன்.