கடன்காரி பெரியம்மாவுக்கு வேலை பாக்குற கப்பல் – மூணாவது ஆட்டம் முடிஞ்சுது

போன ஞாயித்துக்கிழமை மூணாவது ஆட்டம் முடிஞ்சுது, மனசுல இருக்கும்போதே எழுதிடலாம்னு உக்காந்தேன். ஆடுறது டிராவலர், விண்வெளிக் கப்பல்ல போற ஆளுங்களா நடிச்சு மேசைல உக்காந்து ஆடுற கதை ஆட்டம், 1977ல மார்க் மில்லர் எழுதினது. கதை சொல்றது நான், மத்த மூணு பேரும் கப்பல் ஆளுங்க. இங்க ரங்கூன்ல இதைப் புடிச்சதுக்கு முதல் காரணமே ரெண்டு சாதா தாயக்கட்டை போதும்ங்கிறதுதான், லூடோ பெட்டில இருந்து எடுத்துக்கிட்டோம். ஒரு காரியம் நடக்கணும்னா ரெண்டையும் உருட்டி கூட்டினா 8 இல்ல அதுக்கு மேல வரணும், 36 வாய்ப்புல 15, அதாவது 42 சதம். அந்த வேலையில ஸ்கில், அதாவது தேர்ச்சி, 1 இருந்தா அதையும் கூட்டிக்கலாம், 58 சதமாயிடும். அந்த ஒரு புள்ளிக்கே எவ்வளவு மதிப்புன்னு ஆடுறப்பதான் தெரியுது.

முதல் ஆட்டம் சரியா வரல. கிரிமினல் கும்பலுக்கு வேலை பாக்குற கதைன்னு சொல்லி ஒரு பாஸை வெச்சேன், அவர் கூப்புடுவாரு, வேலை சொல்லுவாரு, காசு குடுப்பாரு, அவ்வளவுதான். அக்கா நேரா கேட்டுச்சு, "ஏன்டா தம்பி, இந்தாளை வுட்டுட்டு ஓடிப்போனா என்ன?" எங்கிட்ட பதில் இல்ல.

பதில் ரூல்லயே இருந்துச்சு. பழைய பதிப்புல ஒரு சின்ன சரக்குக் கப்பலே 3 கோடியே 70 லட்சம் கிரெடிட் (ஆட்டத்துல காசு), 20 சதம் முன்பணம் கட்டிட்டு மீதிக்கு மாசாமாசம் வெலையில 240ல ஒரு பங்கு, 480 மாசம், நாப்பது வருஷம்! மாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல. நேர்மையா சரக்கு ஏத்தி அதைக் கட்டுறது ரொம்பக் கஷ்டம். அதனால பாஸை எடுத்துட்டு, அந்தக் கடனை வாங்கி வெச்சிருக்கிற பெரியம்மான்னு ஒருத்தியைக் கொண்டுவந்தேன். தவணை தவறினா சத்தம் போட மாட்டா, சோறு போட்டு உக்கார வெச்சு ஒரு வேலை சொல்லுவா.

அவ இடத்துக்கு மாதிரி எங்க தாத்தா சொன்ன கிட்டங்கி, செட்டியாருங்க வட்டிக்கடை வெச்சிருந்த கட்டடம். முகல் தெருவுல, இப்ப ஷ்வே பொந்தா தெரு, நீள ஹால்ல ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு கணக்கப்பிள்ளைன்னு இருக்குமாம். அங்க இருந்தவங்க வியாபாரிங்க, திருடங்க இல்ல, நான் எடுத்துக்கிட்டது அந்த எடத்தையும், ஒரு ஊர்ல எழுதிக் குடுத்தா இன்னொரு ஊர்ல பணம் வாங்கிக்கிற உண்டியல் கடிதத்தையும் மட்டும்தான். டிராவலர்ல ஒரு நட்சத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுற தாண்டல் எவ்வளவு தூரமானாலும் ஏறக்குறைய ஒரு வாரம், கப்பலை விட வேகமா எந்தச் சேதியும் போகாது. அப்ப பெரியம்மாவோட அதிகாரமும் கடிதமாத்தான் போகணும், கப்பல் ஏறித்தான் போகணும், இது புரிஞ்சதும் மொத்தக் கதையும் எனக்கு மாறிடுச்சு.

இந்த ஆட்டத்துல கப்பல் ஆளுங்க மூணு பேரும் பெரியம்மா குடுத்த, ஆறு சீல் வெச்ச பெட்டியைக் கொண்டுபோனாங்க, வாங்க வேண்டிய ஆள் செத்துட்டான். யார்கிட்ட கேக்குறது? போய்ட்டு வரவே ரெண்டு வாரம், அதுக்குள்ள தவணை தாண்டிடும். மச்சான் பெட்டியைத் தொறந்து பாக்கலாம்னான், ஸ்கில் இல்லாமலே உருட்டினான், 7, ஒண்ணு கம்மி. பெட்டி தொறந்துச்சுன்னே வெச்சேன், ஆனா சீல் கிழிஞ்சது நல்லா தெரியுது. உள்ள விதை நெல். அந்தக் கிரகத்துல கம்பெனி விதையைத் தவிர வேற எதையும் வெதைக்கக் கூடாதுன்னு சட்டம், அது அவங்களுக்கு வந்த அன்னைக்கே தெரியும். கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசல. கடத்துறது நல்ல பொருளு, கடத்தச் சொன்னவ நல்லவ இல்ல.

அந்த நேரம் பாத்து கரண்டு போச்சு. மெழுகுவர்த்தி ஏத்திட்டு நான் சொன்னேன், நேத்தே இங்கருந்து இன்னொரு கப்பல் கெளம்பிடுச்சு, அதுல பெரியம்மாவோட ஆள் ஒருத்தன் இருக்கான், வாங்குறவன் செத்த சேதி உங்களுக்கு முன்னாடியே அவளுக்குப் போய்ச் சேரும்னு. அதுக்கப்புறம் நான் கதை சொல்லவே வேண்டி வரல. அக்கா என் நோட்டைப் புடுங்கி, "பெரியம்மாவுக்கு வணக்கம்"னு ஆரம்பிச்சு நெஜமாவே ஒரு கடிதம் எழுதுச்சு. சீல் கிழிஞ்சதைச் சொல்றதா மறைக்கிறதான்னு மூணு பேரும் முக்கா மணி நேரம் வாதாடினாங்க, கடைசில சொல்லிட்டாங்க, ஆனா அந்த விதை நெல்லை அங்க ஒரு கிராமத்து ஜனங்களுக்குக் குடுத்துட்டோம்ங்கிறதை மட்டும் எழுதல.

அந்தக் கடிதம் இப்ப எங்கிட்டதான் இருக்கு. நாலு தடவை படிச்சுட்டேன். அடுத்த ஞாயிறு பெரியம்மாவா உக்காந்து பதில் எழுதணும், பெட்டி காலியா இருக்கிறது அவளுக்கு எந்த வரில புரியும்னு இன்னும் முடிவு பண்ணல.