தண்டையார்பேட்டைல உக்காந்து கலிஃபோர்னியா பெட்ரோல் பங்க்குக்கு மானியம் வாங்கின கதை

மொதல்லயே சொல்லிடறேன், பங்க் என்னோடது இல்ல. எங்க அக்கா வீட்டுக்காரரோடது, கலிஃபோர்னியால ரோட்டோரமா ஒரு சின்ன பங்க். நான் தண்டையார்பேட்டைல உக்காந்துகிட்டு அவருக்கு கணக்கு எழுதறவன், அவ்ளோதான். அங்க காலைல ஒன்பதுன்னா நமக்கு ராத்திரி ஒன்பதரை, குளிர்காலத்துல பத்தரை, அதனால இந்த வேலை மொத்தமும் சாப்ட்டு முடிச்சு கொசுவத்தி ஏத்தி வெச்சப்புறம்தான் நடந்துச்சு.

2022ல ஒரு நாள் மாமா போன் பண்ணி "மச்சான், டேங்க்கெல்லாம் தோண்டி எடுக்கணுமாம்டா"ன்னார். பூமிக்கு அடியில இருக்கற சிங்கிள் வால் டேங்க்கை எல்லாம் 2025 டிசம்பர் 31க்குள்ள மூடிடணும்னு அங்க 2014லயே சட்டம் போட்டாச்சு, நம்மாளு எட்டு வருஷம் கழிச்சு முழிச்சுக்கிட்டார். சிங்கிள் வால்னா ஒரே ஒரு சுவர், அதுல ஓட்டை விழுந்தா பெட்ரோல் நேரா மண்ணுக்குத்தான். டபுள் வால்ல உள் சுவர் போனாலும் வெளிச் சுவர் புடிச்சுக்கும், நடுவுல இருக்கற சென்சார் கத்தும். இதையெல்லாம் எங்க ஏரியாக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், 2013ல இங்க பூமிக்கடியில போற எண்ணெய் பைப் லீக்காகி போர் தண்ணி அடிச்சா எண்ணெய் வந்ததைப் பாத்தவங்க நாங்க.

கொட்டேஷன் வாங்கினா தலை சுத்துச்சு, பழசை எடுத்து புதுசு போட ஏழு லட்சம் டாலருக்கு மேல. அப்பதான் அங்க இதுக்குன்னே ஒரு அரசாங்க உதவித் திட்டம் இருக்குன்னு கண்ணுல பட்டுச்சு, பேரு ரஸ்ட், துருன்னு அர்த்தம் வர்ற மாதிரியே சுருக்கி வெச்சிருக்காங்க. அப்போ மானியம் 3,000லேருந்து 70,000 டாலர் வரைக்கும், கடன்னா 10,000லேருந்து 7,50,000 வரைக்கும். குடுக்கறது ஸ்டேட் வாட்டர் போர்டு. அம்மாகிட்ட சொன்னா "வாட்டர் போர்டு எதுக்குடா பெட்ரோல் டேங்க்குக்கு காசு குடுக்குது"ன்னாங்க, நமக்கு வாட்டர் போர்டுன்னா லாரியும் குடமும்தானே. நிலத்தடி தண்ணியைக் காப்பாத்தறது அவங்க பொறுப்பு, அதான்.

மானியத்துக்கு கண்டிஷன் பாத்தா, வேலை செய்யறவங்க இருபது பேருக்குக் கீழ இருக்கணும், பார்ட் டைம் பசங்களும் அந்தக் கணக்குல சேத்தி. மாமாகிட்ட மொத்தமே ஆறு பேர், அது ஓகே. அடுத்தது, முந்தின ரெண்டு வருஷத்துல ஒவ்வொரு வருஷமும் வித்த பெட்ரோல் 9 லட்சம் கேலனுக்குக் கம்மியா இருக்கணும், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 34 லட்சம் லிட்டர். நான் டெலிவரி பில்லு எல்லாத்தையும் எக்செல்ல ஏத்தி கூட்டினா 9 லட்சத்து சொச்சம் வருது. போச்சுடா, இத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சு அன்னிக்கு ராத்திரி சரியா தூங்கல. காலைல டீக்கடைல நிக்கும்போதுதான் பொறி தட்டுச்சு, அதுல பெட்ரோல்னுதான போட்டிருக்கு, நான் டீசலையும் சேத்துல்ல கூட்டியிருக்கேன்! வீட்டுக்கு ஓடி வந்து டீசல் பில்லை எல்லாம் தனியா பிரிச்சேன், தாராளமா உள்ள வந்துடுச்சு. இதுக்கு அப்ளை பண்ற யாரா இருந்தாலும் இத மட்டும் மறந்துடாதீங்க.

அப்புறம் பேர் பிரச்சனை. நமக்கு இனிஷியல்தான், அமெரிக்காவுல அப்பா பேரு கடைசில போய் ஒட்டிக்கும். டேங்க் பர்மிட்ல மாமா பேரு முன்னாடி, அவங்க அப்பா பேரு பின்னாடி, வரி ரிட்டர்ன்ல அப்படியே தலைகீழா. டேங்க்கோட ஓனரும் அப்ளை பண்றவரும் ரெண்டு பேரான்னு கேட்டு லெட்டர் வந்துச்சு. மாமாவோட அப்பா செத்து பதினோரு வருஷம் ஆச்சு, அவரு எங்க வந்து அப்ளை பண்றது. பர்மிட் குடுத்த லோக்கல் ஆபீஸ்ல போய் பேரை மாத்தி வாங்கவே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு.

மீதிப் பணத்துக்கு அதே திட்டத்துல கடன் வாங்கலாமான்னும் யோசிச்சோம். நிலம் மாமாவோடது இல்ல, லீஸ், அடமானம் வெக்க ஒண்ணும் இல்ல, அதனால அவரே தனக்குப் பழகின பேங்க்ல மீதிய வாங்கிட்டார்.

டேங்க்கைத் தூக்கின அன்னிக்கு வீடியோ காலில் காட்டினார். மொதல்ல டேங்க்குக்குள்ள டிரை ஐஸைப் போட்டாங்க, உள்ள இருக்கற பெட்ரோல் ஆவியையும் ஆக்சிஜனையும் வெளிய தள்றதுக்காம், இல்லன்னா ஒரு பொறி பட்டாலே போதும். வெள்ளையா புகை வழிஞ்சு வருது, கோயில்ல சாம்பிராணி போட்ட மாதிரி. அப்புறம் கிரேன் மெதுவா தூக்குச்சு. அடியில வயித்துப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு துரு. ஓட்டை இல்ல. குழில அஞ்சாறு எடத்துல மண்ணு எடுத்து லேபுக்கு அனுப்பினாங்க.

மண்ணு கிளீன்னு ரிப்போர்ட் வந்துச்சு, பில்லையெல்லாம் அனுப்பி கொஞ்ச நாள்ல 70,000மும் வந்துச்சு. அம்மா மட்டும் ரிப்போர்ட்டை நம்பல. "லேபெல்லாம் இருக்கட்டும், யாராவது மோந்து பாத்தாங்களா"ன்னு மாமாகிட்ட ரெண்டு தடவை கேட்டாங்க.