பத்தரை மணி நிழல்

யூலை 9
அம்மா ஆஸ்பத்திரியில். பார்க்கப் போகிறோம், கட்டில் போட்ட வான் வண்டியில், இரண்டு நாய்களும் கூட. புளியங்குளம் தாண்டியதும் மாடுகள். இருட்டில் நடு வீதியில் படுத்திருந்தன. இவர் பிரேக் அடித்தார், ராஜா கட்டிலிலிருந்து பறந்து வந்து முன் சீற்றில் மோதினான். கறுப்பி அசையவில்லை, அவளுக்கு நெஞ்சுப்பட்டி போட்டு பெல்ற்றில் கொழுவியிருந்தேன். ராஜா ஊளையிடுவான் என்று சும்மா விட்டது என் பிழை. கழுத்துப்பட்டியில் கொழுவியிருந்தால் இன்னும் மோசம், கழுத்தே போயிருக்கும்.
முறிகண்டியில் தேங்காய் உடைத்தோம். ராஜா கச்சான் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். உப்புக் கச்சான். கொடுக்கவில்லை.

யூலை 10
நோயாளரைப் பார்க்கும் நேரம் பன்னிரண்டு மணி. எவர் வைத்த நேரமோ.
வேம்பின் நிழல் பத்தரைக்கே வானை விட்டு நகர்ந்துவிடுகிறது. நாய்களை வெளியே கட்டிவிட்டு, கண்ணாடிகளை நாலு விரல் இறக்கி, உள்ளே நானே இருந்து பார்த்தேன். வெளியில் 34. பத்து நிமிடத்தில் உள்ளே 43. இறக்கிய கண்ணாடியால் ஒரு பயனும் இல்லை. எனக்காவது முதுகெல்லாம் வியர்த்தது. அதுகளுக்குப் பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மிச்சச் சூடெல்லாம் நாக்கால்தான் வெளியேற வேண்டும்.
சரி, ஒருவர் மாறி ஒருவர். இன்றைக்கு இவர் போனார். "அவள் எங்கே?" என்று அம்மா கேட்டாவாம்.

யூலை 11
நான் போனேன். அம்மா நித்திரை.

யூலை 13
இரணைமடுக் குளக்கட்டு. தண்ணீரைக் கண்டதும் ராஜா சங்கிலியோடு என்னையும் இழுத்தான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா கத்தினார்: "பிள்ளை, நாயைக் கரைக்கு விடாதேங்கோ! முதலைக்கு நாயெண்டால் உயிர்." வாளியில் அள்ளி வந்து வானடியில் வைத்தே குளிப்பாட்டினேன்.
இரவு உண்ணி எடுத்தோம். இவர் டோர்ச், நான் சாவணம். தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில். சிரட்டையில் சவர்க்காரத் தண்ணீர். கறுப்பியில் மட்டும் 31.

யூலை 14
அம்மாவுக்கு மூன்றாவது பை இரத்தம்.

யூலை 16
உடுப்பு எடுக்க ஒட்டுசுட்டான் வீட்டுக்கு. வழியில் பாலைப்பழம் வாங்கினோம், வாயெல்லாம் பிசின். பற்றைக்குள் பழைய மிதிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. எல்லாம் துப்புரவாக்கியாயிற்று என்கிறார்கள். இருக்கட்டும், நான் சங்கிலியைக் கழற்றவில்லை. ராஜா வீதியோரத்திலேயே காலைத் தூக்கினான்.
திரும்பும்போது நிழலைப் பற்றியே யோசித்தேன். ஒரு மரம், பன்னிரண்டு மணிக்கு நிழல் தருகிற ஒரே ஒரு மரம்.

யூலை 17
கறுப்பி சோறு தொடவில்லை. உதட்டைத் தூக்கி முரசை அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு அங்கே சிவப்பே இல்லை. அம்மாவின் கண்மடலை டொக்டர் இழுத்துக் காட்டினாரே, அதே வெள்ளை.
காய்ச்சல் 40.3. மிருக வைத்தியர் இரத்தம் எடுத்தார். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாமாம். டொக்சிசைக்ளின் 28 நாள், வெறும் வயிற்றில் கூடாது. சாப்பிடாத நாய்க்கு! விசர்நாய்க்கடி ஊசி அட்டையைக் கேட்டார். வான் முழுக்கக் கிளறினேன். அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் கிடந்தது.

யூலை 18
இரண்டு உருண்டை சோறு, மீன் தண்ணீரில் பிசைந்து. குளிசை உள்ளே போய்விட்டது. ராஜா அவளுடைய கோப்பையை நக்கவில்லை, பக்கத்தில் படுத்திருக்கிறான்.

யூலை 19
வார்டிலிருந்து அழைப்பு. இரண்டு பேரும் வரவேண்டுமாம், உடனே. மணி 10.20. வேம்புக்குக் கீழ் இப்போது பாதி வான்தான்