வாசலில் உட்கார்ந்து தேய்த்த நான்கு வீல்கள்

அல்சூரில் எங்கள் சந்தில் காரை நிறுத்தினால் இடது பக்கச் சக்கரம் இரண்டும் நடைபாதைக் கல்லை ஒட்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் வரும் ஆட்டோ போக முடியாது. அந்தக் கல் பழைய பெங்களூர்க் கருங்கல். அதில் அலாய் வீலின் விளிம்பு ஒருமுறை உரசினால் போதும், அலுமினியம் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். 2012 மாடல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு வருடம் ஓட்டியதில் இடது பக்க வீல் இரண்டும் கடித்துத் துப்பிய கரும்பு மாதிரி ஆகியிருந்தன. வலது பக்கத்துக்கு வேறு நோய். பெயிண்டுக்கு மேலே நிறமில்லாத பூச்சாக இருக்கும் கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம் போலக் கோடுகள். ஒரு சின்னக் கல் தெறித்து கிளியர் கோட் உடைகிறது, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது, அலுமினியம் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகிறது. மேலே எவ்வளவு பாலீஷ் போட்டாலும் அது நிற்காது. அந்த இடத்தில் பழைய பெயிண்டை எடுத்தே ஆக வேண்டும்.

கடையில் கேட்டேன், ஒரு வீலுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சொன்னார்கள். நான்குக்கும் சேர்த்தால் பத்தாயிரம். அது பெரிய தொகைதான், ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. அப்பா விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல்.லில் பெயிண்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அலுமினியத்துக்கு எப்படி பெயிண்ட் அடிப்பது என்று முப்பது வருடம் அதே வேலையாக இருந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியே கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் முதல் வீலை அவரிடம் கேட்காமலே செய்தேன். போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போயிருந்தபோது, சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்து, சில்வர் ஸ்ப்ரே அடித்தேன். அடித்த சில நொடிகளிலேயே பெயிண்ட் அங்கங்கே விலகி, குட்டிக் குட்டி அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்தது. சாயங்காலம் மழை மேகம் கூடிய நேரத்தில் கிளியர் கோட் அடித்தேன், அது பால் ஊற்றியது போல வெளுத்துப் போனது.

அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. "டயருக்குப் பாலீஷ் போடுவியா?" என்று மட்டும் கேட்டார். போடுவேன், மாதம் ஒருமுறை. டயரைக் கறுப்பாகப் பளபளக்க வைக்கும் அந்தத் திரவங்களில் பலவற்றில் சிலிக்கான் இருக்கிறது. அது வீல் மேலும் படிந்துவிடும், சோப்புக்குப் போகாது, அதன் மேல் பெயிண்ட் உட்காராது. குழிக்குக் காரணம் அதுதான். வெளுத்ததற்குக் காரணம் ஈரம். பெயிண்டில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது பெயிண்ட் மேலேயே படிந்துவிடுகிறது. "செப்டம்பர்ல பெங்களூர்ல வெளியில உக்காந்து கிளியர் அடிப்பாங்களாடா? பிப்ரவரி வரைக்கும் பொறு" என்றார். பொறுத்தேன்.

பிப்ரவரி வந்தது. ஒரு வீலுக்கு ஒரு வார இறுதி என்று வைத்துக்கொண்டோம். கழற்றிய இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிவிட்டு காரை அப்படியே நிறுத்தினோம், ஜாக்கி மேல் விட்டுவைக்கவில்லை. அந்த மாதம் முழுக்க நான் அல்சூர் மெட்ரோவில்தான் ஆபீஸ் போனேன். இதில் இறங்குகிறவர்கள் முதலில் வீலைத் திருப்பிப் போட்டு உட்பக்கத்தைப் பாருங்கள். முடி அளவு விரிசல் இருந்தாலும், குழியில் விழுந்து விளிம்பு மடங்கியிருந்தாலும், அது பெயிண்ட் வேலை இல்லை. விரிசலை பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு மறைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

கழுவுவதற்கே அரை நாள் போனது. வீலில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தூள் வெறும் மண் இல்லை. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கிலிருந்தும் பேடிலிருந்தும் சூடாகத் தெறிக்கும் இரும்புத் துகள், கிளியர் கோட்டிலேயே பதிந்து துருப்பிடித்துக் கிடக்கும். அயர்ன் ரிமூவர் என்று ஒரு திரவம் ஜே.சி. ரோட்டில் கார் சாமான் கடைகளில் கிடைக்கிறது. அடித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதாவாக வழியும், அழுகிய முட்டை நாற்றம் வரும். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், காய விடாமல் கழுவிவிடுங்கள். வீல் சூடாக இருக்கும்போது அடிக்காதீர்கள்.

அப்புறம்தான் தேய்ப்பது. இதை அவசரப்படாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையில் முக்கால்வாசி இதுதான். கருங்கல் பெயர்த்த விளிம்பை முதலில் சின்ன அரத்தால் தட்டையாக்கினோம், மேலே துருத்திக்கொண்டிருக்கும் முள் போனால் போதும், அலுமினியத்தைக் குடையக் கூடாது. பிறகு 120, 240, 400 என்று ஏறு வரிசையில் உப்புத்தாள் (எண் ஏற ஏற தாள் நைசாகும்), கடைசியில் 600 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து. புழுத்தடம் இருந்த இடங்களில் தெரியும் வெள்ளைக்கு மேலும் ஒரு விரல் அகலம் தாண்டித் தேய்க்கச் சொன்னார் அப்பா, அரிப்பின் முனை எப்போதும் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கொஞ்சம் முன்னே இருக்குமாம். பழைய பெயிண்ட் முடிந்து அலுமினியம் தொடங்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். படி தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும், ஏனென்றால் கை உணர்கிற படி பெயிண்டுக்கு மேலே கண்ணுக்கும் தெரியும். ஒரு வீலுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. ஸ்போக்குகளின் இடுக்கில் உப்புத்தாளைப் பழைய செருப்பு ரப்பரில் சுற்றித் தேய்த்தோம்.

ஆழமான காயம் இரண்டுக்கு மட்டும் பட்டி. எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு பட்டாணி அளவு ஹார்ட்னர் (இறுக வைக்கும் பொருள்), குழைத்த சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள்.

தேய்த்து முடித்ததும் அப்பா ஒரு சொம்புத் தண்ணீரை வீல் மேல் ஊற்றினார். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம், ஓரிடத்தில் பிரிந்து முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது. விமானத் தகட்டுக்கும் இதே சோதனைதான் என்றார். முதல் தடவை மூன்று இடத்தில் முத்து நின்றது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். இதை மூன்று முறை செய்த பிறகு தண்ணீர் கண்ணாடி போல வழிந்தது. அந்த நிமிடம் அப்பா முகத்தில் வந்த திருப்தியை நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை.

டயரைக் கழற்றாமல் மறைக்க ஒரு வழி உண்டு. காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, டயருக்கும் ரிம்முக்கும் இடையே கெட்டி அட்டைகளைச் சுற்றிலும் செருக வேண்டும். பரணில் மூட்டையாகக் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை அம்மா எடுத்துக் கொடுத்தார், மஞ்சள் தடவிய மூலையை மட்டும் கிள்ளி எடுத்து வைத்துக்கொண்டு. ஒரு வீலுக்கு முப்பது துண்டு. பின்பக்கம், காற்று வால்வு எல்லாம் மாஸ்கிங் டேப்.

நட்டு உட்காரும் துளைகளையும், வீல் ஹப்போடு (வீலை மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் பின்பக்கத் தட்டையான பரப்பையும் கட்டாயம் மூடுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நட்டு உட்காரும் சரிவில் பெயிண்ட் கனமாக இருந்தால் நட்டு பெயிண்ட் மேல் இறுகுகிறது, உலோகத்தின் மேல் இல்லை. சூட்டிலும் அதிர்விலும் அந்தப் பெயிண்ட் நசுங்கித் தேய்ந்ததும் இறுக்கம் போய்விடும். அழகுக்காக அந்தத் துளைக்குள்ளும் சில்வர் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும், பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் சாதாரண பிரைமர் அதில் சரியாகப் பிடிக்காது. அப்பா காலத்தில் விமானத்துக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த ஜிங்க் குரோமேட் அடிப்பார்களாம். நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதிலிருக்கும் குரோமியம் புற்றுநோய் வரவழைக்கக் கூடியது, வீட்டில் வேண்டவே வேண்டாம் என்றார். அதனால் எட்ச் பிரைமர் என்ற ஸ்ப்ரே வாங்கினோம், அதில் இருக்கும் கொஞ்சம் அமிலம் உலோகத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. வெறும் அலுமினியம் தெரிந்த இடங்களில் மட்டும் மெல்லிசாக, பட்டி மேல் படாமல். அதன் மேல் சாதாரண பிரைமர்.

பெயிண்ட் அடிப்பது சீக்கிரம் முடிந்துவிட்டது. பழைய 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் வீலைப் படுக்க வைத்தால் சுற்றிச் சுற்றி அடிக்கலாம். ஸ்ப்ரே டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, முதலில் ஸ்போக்குகளின் பக்கவாட்டு, பிறகு முகப்பு. வீலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். முதல் கோட் தூவினது மாதிரி, அடியில் இருப்பது தெரிந்தாலும் பரவாயில்லை. பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று கோட் சில்வர், அப்புறம் மூன்று கோட் கிளியர். ஹார்ட்னர் கலந்து வரும் டூ கே கிளியர் இதைவிட உறுதியானது, பெட்ரோல் பட்டாலும் தாங்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, ஆஸ்துமாவை வரவழைக்கும், சந்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். அதனால் ஹார்ட்னர் இல்லாததே போதும் என்று முடிவு செய்தோம். அதற்கும் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும், துணி மாஸ்க் உதவாது.

தொட்டால் ஒட்டாத அளவுக்கு அரை மணியில் காய்ந்துவிடும், ஆனால் உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும். வீலை அடுத்த ஞாயிறு வரை மாட்டவில்லை. நட்டுகளைக் குறுக்காக, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கி, கடைசியில் டார்க் ரென்ச் (வைத்த அளவுக்கு இறுகியதும் சொடுக்கும் ஸ்பானர்) வைத்து கார் மேனுவலில் சொன்ன அளவுக்கு முடித்தோம். உங்கள் காருக்கான அளவை உங்கள் மேனுவலிலேயே பாருங்கள்.

மார்ச்சில் நான்கும் முடிந்ததும் ஓசூர் வழியாக கிருஷ்ணகிரி அத்தை வீட்டுக்குப் போனோம், கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர். வீலைக் கழற்றி மாட்டினால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். அத்தை வாசலுக்கு வந்து, "வந்ததும் வராததுமா சக்கரத்துக்கிட்ட என்னண்ணா பண்றீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்பா வீல் சூடு ஆறும் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து ரென்ச்சை என் கையில் கொடுத்தார். இடது முன் வீலில் இரண்டு நட்டு கொஞ்சம் நகர்ந்தன. மற்றதெல்லாம் முதல் சொடுக்கிலேயே நின்றன.