எந்தப் புளியங்குளம்? – வன்னி நூலக நாட்குறிப்பு

பெப்ரவரி 6

பரம்பரை தேட வருபவர்கள் அனேகமாகப் பெயரோடுதான் வருகிறார்கள். இலங்கையின் வடக்கே, வன்னியில் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அலைச்சல்தான் மிச்சம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதும், தகப்பன் பெயரே முதலெழுத்தாக வருவதும் வழக்கம் என்பதால், ‘க. வேலுப்பிள்ளை’ என்று நாலு பேர் ஒரே பற்றில் (பழைய நிர்வாகப் பிரிவில்) இருப்பார்கள். முதலில் இடத்தைப் பிடிக்க வேண்டும். ஊர், குளம், பற்று மூன்றையும் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். புளியங்குளமும் புதுக்குளமும் எத்தனையோ இடத்தில் உண்டு. கருநாவற்பற்றா, மேல்பற்றா, பனங்காமமா என்று தெரிந்தால்தான் தேடல் தொடங்கும்.

அடுத்தது மாவட்டம். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது, அதுவரை யாழ்ப்பாணம். இப்போதைய முல்லைத்தீவு மாவட்டம் 1978இல் உருவானது. அதற்கு முன் பெரும்பகுதி வவுனியாவோடு இருந்தது. ஆகவே 1970இல், இன்றைய கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில் பிறந்தவரின் பத்திரத்தில் ‘யாழ்ப்பாணம்’ என்றிருந்தால் அது பிழையில்லை.

பெப்ரவரி 8

உசாத்துணைப் பகுதியில் ஆட்கள் கவனிக்காமல் போகும் தட்டு, நினைவு மலர்கள் இருக்கும் தட்டு. அந்தியேட்டிக்கு (இறந்தவருக்கான கிரியைக்கு) அச்சடித்துக் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகங்கள், கும்பாபிஷேக மலர்கள், பள்ளிக்கூட வெள்ளிவிழா, நூற்றாண்டு மலர்கள் எல்லாம் அங்கேதான். வன்னிக் குடும்பம் ஒன்றுக்கு இவற்றைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அபூர்வம். இடப்பெயர்வுகளில் வீட்டுப் பத்திரங்கள் போய்விட்டன. கல்வெட்டு நூற்றுக்கணக்கில் அச்சாகி ஊர் ஊராகப் போனதால் எங்கேயாவது ஒரு பிரதி தப்பியிருக்கும்.

கல்வெட்டில் முதலில் பார்க்க வேண்டியது திதி வெண்பா. இறந்த வருடம், மாதம், பட்சம், திதி நாலும் அதற்குள் இருக்கும். ஆனால் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். ‘ஆனந்த வருடம்’ என்றால் 1914-15ஆகவும் இருக்கலாம், 1974-75ஆகவும் இருக்கலாம். இன்னொரு சிக்கல்: வருடம் சித்திரையில் பிறக்கிறது. ஆனந்த வருடத்துத் தை மாதம் 1914இல் வராது, 1915இல்தான் வரும். பழைய சாதகக் குறிப்புக்கும் இதே கணக்குத்தான். சந்தேகமென்றால் பேரப்பிள்ளைகளின் பட்டியலைப் பாருங்கள். எந்தச் சுற்று என்று அதிலேயே தெரிந்துவிடும்.

வம்சாவழிப் பக்கத்தை நம்பலாம், ஆனால் முழுதாக நம்பக் கூடாது. குழந்தையிலேயே இறந்தவர்களும், வீட்டோடு முரண்பட்டுப் போனவர்களும் அதில் இருக்க மாட்டார்கள்.

பெப்ரவரி 13

தமிழ்ப் புத்தகங்களில் 954.93 என்ற வகைப்பாட்டு எண் வரிசைதான் இலங்கை வரலாறு. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. பற்றுகளையும் குளங்களையும் அறிய அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் காலனித்துவ அதிகாரி ஒருவரின் கண்ணால் எழுதப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். குடிசன மதிப்பீட்டில் ஆட்களின் பெயர் கிடையாது, ஊர்த் தொகைதான். வடக்கில் 1981க்குப் பின் அடுத்து முழுமையாக எடுத்தது 2012இல்தான்.

பெப்ரவரி 15

மரண அறிவித்தல்கள். ஈழநாடு 1959இலிருந்து, அதற்கு முன்னென்றால் வீரகேசரி (1930), தினகரன் (1932). நூலகத்தில் கட்டுகள் இல்லாவிட்டால், 2005இல் தொடங்கிய, ‘நூலகம்’ என்றே பெயர்கொண்ட இணைய எண்ணிம நூலகத்தில் பாருங்கள். பெயரைத் தட்டும்போது ‘சுப்பிரமணியம்’, ‘சுப்ரமணியம்’ இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அறிவித்தலில் முக்கியமான வரி இப்படி இருக்கும்: ‘சுழிபுரத்தைப் பிறப்பிடமாகவும் வட்டக்கச்சியை வதிவிடமாகவும் கொண்ட’. சுழிபுரம் யாழ்ப்பாணத்தில், வட்டக்கச்சி கிளிநொச்சியில். குடியேற்றத் திட்டங்களுக்கு வந்த குடும்பங்களின் பிறப்புப் பதிவு கிளிநொச்சியில் இராது. எந்தப் பதிவாளரிடம் போக வேண்டும் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவு கேட்கும்போது, பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் வருடக் கணக்கில் ஏடுகளைத் தேட வேண்டும். அதனால் வருடத்தைச் சுருக்கும் வேலையை நூலகத்திலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. பத்திரம் கைக்கு வந்ததும் பாட்டனார் பற்றிய கூட்டைப் பாருங்கள். அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் அதில் எழுதப்பட்டிருக்கலாம். ஒரு தலைமுறை சும்மா கிடைத்த மாதிரி.

பெப்ரவரி 20

காணி வழி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. அதன் கீழ் அனுமதிப்பத்திரம் கிடைத்த குடும்பங்களின் வரலாறு பிரதேச செயலகக் காணிப் பேரேட்டில் இருக்கும். துண்டு இலக்கம், திட்டத்தின் பெயர், முதல் அனுமதிகாரர் என்ற மூன்றும் எழுதிக்கொண்டு போங்கள். பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் இறந்தால், பிள்ளைகளுக்குள் உரிமை மூத்த மகனுக்கே முதலில் போனது. 2022 திருத்தம் வரை இதுதான் நிலை. அதனால் பேரேட்டில் பெண்பிள்ளைகளைக் காணவில்லை என்று அவர்களை வம்ச மரத்திலிருந்து வெட்டிவிடாதீர்கள்.

பெப்ரவரி 22

இடப்பெயர்வின்போது புதைத்து வைத்து எடுத்த பத்திரங்கள். பொலித்தீனில் சுற்றியிருந்தாலும் ஈரம் உள்ளே போயிருக்கும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். நகத்தால் பிரிக்க வேண்டாம், எழுத்து எதிர்த் தாளோடு வந்துவிடும். வெயிலில் போட்டால் சுருண்டு உடையும். நிழலில், மெல்லிய காற்றில் வைத்து, மேலும் கீழும் ஒற்றுத்தாள் வைத்து, அது ஈரமாக ஆக மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். தானாக விடும் ஓரத்தை மட்டும் எடுங்கள், மீதியைத் தொடாமல் படமெடுங்கள்.

லமினேற் பண்ண வேண்டவே வேண்டாம். சூட்டில் பசை தாளுக்குள் இறங்கிவிடும்; பிறகு கழற்ற வழியில்லை. துருப்பிடித்த பின்னை இழுத்தாலும் தாள் கிழியும்.

படமெடுக்க யன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். முதலில் அட்டை, பிறகு தலைப்புப் பக்கம், அதன் பிறகுதான் வேண்டிய பக்கம், பக்க எண் தெரியும்படி. மேசையில் பேனாவை எடுக்காமல் பென்சிலையே பாவியுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டு, மலரின் பெயர், பக்கம் மூன்றும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள் எந்தப் பக்கம் எந்த மலரில் என்று தெரியாது.